நடையாய் நடந்த பெண்

காரியம் ஆக வேண்டுமானால் நடையாய் நடக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பட்டா மாற்றத் தாலுகாக் கச்சேரிக்கு நடப்பதும், பெண்ணுக்கு வரன் தேடி ஊர் ஊராய் நடப்பதும், கொடுத்த கடனைத் திருப்பி வாங்க நடப்பதும் நாம் அறிந்த நடைகள். ஆனால் நடையையே பந்தயமாக வைத்து, முந்தி வந்தவர் கழுத்தில் பதக்கம் சூட்டுகிற வழக்கமும் உலகத்தில் உண்டு. இதைக் கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "நடப்பது ஒரு பந்தயமா? குழந்தைகூட நடக்கிறதே!" என்று வீட்டிலுள்ள பாட்டிமார்கள் கேட்கலாம். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, ஜெர்மனியிலுள்ள ம்யூனிக் நகரத்தில், ஐரோப்பியத் தடகளப் போட்டிகளைச் சேர்ந்த ஸ்திரீகளின் 20 கிலோமீட்டர் நடைப் பந்தயம் நடைபெற்றது. ஸாஸ்கியா ஃபைகே என்னும் ஜெர்மானியப் பெண் அந்தத் தூரத்தை 1 மணி 29 நிமிஷம் 25 விநாடியில் நடந்து முடித்து, மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் 1997-ல் பிறந்தவர். 20 கிலோமீட்டர் என்பது நம்முடைய பழைய கணக்கில் சுமார் 12½ மைல். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு அவருக்குப் பிடித்த நேரம் 4 நிமிஷம் 28 விநாடி. நல்ல தேகக்கட்டுள்ள காலேஜ் பையன் ஒருவனை அந்த வேகத்தில் ஓடச் சொன்னால், மூன்றாவது கிலோமீட்டருக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்துவிடுவான். அந்தப் பெண்ணோ ஓடவில்லை, நடந்தார். அதே வேகத்தில் மாரத்தான் தூரம் முழுவதையும் ஒருவர் கடந்தால் 3 மணி 9 நிமிஷத்திற்குள் முடித்துவிடலாம். மாரத்தானில் ஓடுகிறவர்களிலேயே பெரும்பாலோர் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான் வந்து சேருகிறார்கள்.

இந்தப் பந்தயத்தில் ஓடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அப்படியானால் நடைக்கும் ஓட்டத்துக்கும் எல்லை எங்கே? விதி இரண்டே இரண்டு. ஒன்று, எந்தச் சமயத்திலும் ஏதாவது ஒரு பாதம் தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பாதங்களும் அந்தரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது, முன்னே வைத்த கால் தரையைத் தொட்ட கணம் முதல், உடம்பு அந்தக் காலுக்கு நேர் மேலே வரும் வரையில், முழங்கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். முதல் விதி எல்லோருக்கும் எளிதில் விளங்கும். வேதனை கொடுப்பது இரண்டாவதுதான். முழங்காலை மடக்காமல் வேகமாக நடக்க வேண்டுமானால், வேகம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது இடுப்பிலிருந்து வருகிறது. ஆகையால்தான் இந்த நடையர்களின் இடுப்பு பக்கவாட்டில் அப்படிச் சுழல்கிறது. முழங்கையை மடக்கிக் கைகளை ஊசல் மாதிரி வீசி, ஒரு கோட்டின்மேல் நடப்பவர்களைப்போல் அடிக்கு முன் அடி வைத்துப் போகிறார்கள். நிமிஷத்துக்குச் சுமார் 200 அடிகள். ம்யூனிக்கில் ஃபைகே எடுத்து வைத்த அடிகள் ஏறக்குறைய 18,000 இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சட்டத்துக்கு உட்பட்ட அடியாக இருந்தாக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்துத் தசை நெருப்பாய் எரியும் என்கிறார்கள். நம் கவிகள் போற்றிய அன்ன நடைக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

அடி தவறுகிறதா என்று பார்ப்பதற்குப் பாதையின் ஓரத்தில் மத்தியஸ்தர்கள் நிற்கிறார்கள். அவர்களிடம் யந்திரம் ஒன்றும் கிடையாது. வெறுங் கண்தான் சாட்சி. வேகமாக நடப்பவர்களைக் காமிராவில் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், மிகச் சிறந்த நடையர்களுடைய கால்கள்கூட விநாடியில் நூற்றில் சில பங்கு நேரம் தரையை விட்டு எழும்பித்தான் இருக்கின்றன. அதைக் கண்டு பிடிக்கும் சக்தி மனிதக் கண்ணுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத குற்றம் குற்றமல்ல என்று விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெருந்தன்மையான சட்டத்தை வேறெந்த விளையாட்டிலும் நாம் பார்த்ததில்லை.

சந்தேகம் தோன்றினால் மத்தியஸ்தர் மஞ்சள் நிறத் துடுப்புப் பலகை ஒன்றைக் காட்டுகிறார். கால் எழும்பினால் அதில் அலை போன்ற ஒரு கோடு இருக்கும். முழங்கால் மடங்கினால் மடங்கிய காலைப்போல் ஒரு கோணம் இருக்கும். அது எச்சரிக்கை மட்டுமே. குற்றம் நிச்சயமென்று தோன்றினால் சிவப்புச் சீட்டு. ஒரு மத்தியஸ்தர் ஒருவருக்கு ஒரு சீட்டுத்தான் கொடுக்கலாம். மூன்று பேரிடமிருந்து மூன்று சீட்டு வந்துவிட்டால், தற்காலத்து முறைப்படி, 20 கிலோமீட்டர் பந்தயத்தில் 2 நிமிஷம் தனியிடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். நாலாவது சீட்டு வந்தால் வெளியேற வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கும் தண்டனையை நாம் இருபது வருஷ காலமாகக் கொடுத்து வருகிறோம். அதனால் ஒரு பையனாவது திருந்தியதாக ஞாபகமில்லை. ஆனால் எதிராளிகள் கண்ணெதிரே விர்விர்ரென்று கடந்து போகும்போது 2 நிமிஷம் நிற்பதென்றால், அது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் இந்த விதிகளைக் காப்பாற்றுவதே பெரும் வேடிக்கையாக இருந்திருக்கிறது. 1952-ல் ஹெல்ஸின்கி ஒலிம்பிக்கில் ஆடவரின் 10 கிலோமீட்டர் நடை மைதானத்துக்குள்ளேயே நடந்தது. ஸ்வீடன் தேசத்து மிகேல்ஸன் முதலில் வந்துவிட்டார். இரண்டாவது ஸ்தானத்துக்கு ஸ்விட்ஸர்லாந்தின் ஃபிரிட்ஸ் ஷ்வாப்பும் ஸோவியத் தேசத்தின் புரூனோ யுங்க்கும் போட்டியிட்டார்கள். கடைசிச் சில கஜ தூரத்தில் இருவரும் நடையை மறந்து சாக்ஷாத் ஓட்டமே ஓடினார்கள். மத்தியஸ்தர்களால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. ஷ்வாப் வெள்ளி, யுங்க் வெண்கலம். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் மைதானத்து நடையை எடுத்துவிட்டு, 1956 முதல் சாலையில் 20 கிலோமீட்டர் நடையை வைத்தார்கள்.

வேடிக்கையாக இராத கதையும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஸிட்னி ஒலிம்பிக்கில் ஸ்திரீகளுக்கு 20 கிலோமீட்டர் நடை முதன்முறையாக நடைபெற்றது. ஆஸ்திரேலியப் பெண் ஜேன் ஸாவில் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தார். சொந்த தேசம், உள்ளே மைதானம் நிறைந்த ஜனங்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். மைதானத்துக்குள் நுழையும் சுரங்க வழியில் தலைமை மத்தியஸ்தர் எதிரே வந்து சிவப்புப் பலகையைக் காட்டினார். அன்றிருந்த விதிப்படி மூன்றாவது சீட்டுடன் ஆட்டம் முடிந்தது. அதற்கு முன்பே முதலில் வந்துகொண்டிருந்த சீனப் பெண்ணும், இத்தாலியப் பெண்ணும் அதே விதமாக வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அமைதியாகப் பின்னால் வந்த வாங் லிபிங் என்னும் மற்றொரு சீனப் பெண் தங்கப் பதக்கம் பெற்றார். நான்கு வருஷம் கழித்து ஏதன்ஸ் நகரில் ஜேன் ஸாவில் மறுபடியும் நடந்து, வெண்கலம் வாங்கினார். இந்தப் பந்தயத்தில் ஒருவர் தோற்பதற்குக் கால் மெதுவாய்ப் போக வேண்டுமென்பதில்லை. ஆசை சற்று வேகமாய்ப் போனாலும் போதும்.

ம்யூனிக்குக்குத் திரும்புவோம். அந்த நகரத்தில் 2022-ல் ஐரோப்பியப் போட்டிகளை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சரியாக ஐம்பது வருஷத்துக்கு முன், 1972-ல், அங்கே ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அப்போது ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 20 கிலோமீட்டர் நடையில் கிழக்கு ஜெர்மனியின் பேட்டர் ஃபிரெங்கல் தங்கம் பெற்றார். 50 கிலோமீட்டர் நடையில் மேற்கு ஜெர்மனியின் பெர்ன்ட் கான்னன்பெர்க் தங்கம் பெற்றார். ராஜ்யம் இரண்டாயினும் நடையில் ஜெர்மானியர் ஒருவருக்கொருவர் குறைந்தவர்களல்ல என்பது தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு பந்தயங்களிலும் ஒரு ஸ்திரீகூடக் கிடையாது. ஸ்திரீகளுக்கு நடைப் பந்தயம் என்பதே ஒலிம்பிக்கில் அப்போது இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் நியாயமான பதில் எதுவும் நமக்கு அகப்படவில்லை. உலகமெங்கும் கிணற்றடிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் ஆண்களைவிட அதிகமாக நடக்கிறவர்கள் பெண்கள்தாம். தலையில் சுமையும் இடுப்பில் குழந்தையுமாக மைல் கணக்கில் நடந்தால் அது குடும்ப தர்மம். கையை வீசிக்கொண்டு பதக்கத்துக்காக நடந்தால் மட்டும் உடம்புக்கு ஆகாது என்று சர்வதேச சபைகளின் பெரிய மனிதர்கள் எண்ணினார்கள் போலும்.

இந்தக் கதவு சிறுகச் சிறுகத்தான் திறந்தது. அதில் ஜெர்மனிக்கும் ஒரு பங்குண்டு. 1979-ல் பிராங்பர்ட் நகரத்துக்கு அருகிலுள்ள எஷ்பார்ன் என்ற சிற்றூரில் உலக நடைக் கோப்பைப் போட்டி நடந்தபோது, முதன்முறையாக ஸ்திரீகளுக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். தூரம் 5 கிலோமீட்டர். ஸ்திரீகளின் கோப்பைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. 1987-ல் ரோமாபுரியில் உலகப் போட்டியில் 10 கிலோமீட்டர் கிடைத்தது. 1992-ல் பார்சிலோனாவில்தான் ஒலிம்பிக் கதவு திறந்தது. அங்கேயும் முதலில் வந்தவர் விதி தவறினாரென்று நீக்கப்பட்டு, சீனாவின் சென் யுவேலிங் தங்கம் பெற்றார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறகு 2000-ல் 20 கிலோமீட்டர். 5, 10, 20 என்று குழந்தைக்குச் சோறூட்டுவதைப்போல் பிடி பிடியாக அளந்து கொடுத்திருக்கிறார்கள்!

ஃபைகேக்கு முன்பே ஜெர்மனியில் பேர் பெற்ற நடைப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த பெயாட்டே ஆண்டர்ஸ், இரு ஜெர்மனிகளும் ஒன்றான மறு வருஷமே, 1991-ல், ஸ்பெயின் தேசத்து ஸெவில் நகரில் உள்ளரங்க உலகப் போட்டியில் 3,000 மீட்டர் நடையில் தங்கம் வென்றார். அவருக்குப் பின் வந்த மெலானி ஸேகரின் கதையைத்தான் நாம் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம்.

2010-ல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஸேகர் 20 கிலோமீட்டரை நடந்து நாலாவதாக வந்தார். அவருக்கு முன்னால் வந்த மூவரும் ருஷ்யர்கள். மூன்று கொடிகள் ஏறின, மூன்று பேர் மேடையில் நின்றார்கள், நாலாவதாக வந்தவர் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். முதலில் வந்த ஓல்கா கானிஸ்கினாவின் ரத்தப் பரிசோதனைக் கணக்கில் கோளாறு இருந்ததென்று பிற்பாடு தெரிய வந்தது. 2009 ஆகஸ்டிலிருந்து 2012 வரையில் அவர் பெற்ற வெற்றிகளையெல்லாம் விளையாட்டு நியாயஸ்தலம் 2016-ல் ரத்து செய்துவிட்டது. நாலாவது பெண் மூன்றாவதானார். ஆறு வருஷம் கழித்து! பரீக்ஷையில் தப்பாகப் போட்ட மார்க்கைத் திருத்திக் கொடுத்தால் பையனுக்கு ஸர்ட்டிபிகேட்டாவது மாறும். அந்தச் சாயங்கால வேளையில் மேடையில் நிற்பதும், ஜனங்கள் கை தட்டுவதும், தாயார் தகப்பனார் பார்த்துக்கொண்டிருப்பதும் எந்தத் தபாலில் வந்து சேரும்? 1977-ல் பிறந்த ஸேகருக்கு 2016-ல் வயது முப்பத்தொன்பது.

இதை அறிந்தால்தான் 2022-ல் ஃபைகே பெற்ற வெண்கலத்தின் மதிப்பு விளங்கும். ஃபைகே போட்ஸ்டாம் நகரத்து விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தவர். பெர்லினுக்குப் பக்கத்தில், பழைய பிரஷ்ய மன்னர்களின் மாளிகைகளும் தோட்டங்களும் நிறைந்த ஊர் அது. இரண்டாவது மகாயுத்தம் முடிந்த 1945-ல் வல்லரசுத் தலைவர்கள் கூடி ஐரோப்பாவைப் பங்கு போட்டது அங்கேதான். 1972-ல் தங்கம் பெற்ற ஃபிரெங்கலும் போட்ஸ்டாமில் பயின்றவரே. ஆக, நடைக்கென்று ஒரு பரம்பரை அந்த ஊரில் இருக்கிறது. சங்கீதத்துக்கு ஓர் ஊர், நெசவுக்கு ஓர் ஊர் என்று நம்மிடையே சொல்வதில்லையா?

ஒலிம்பிக்கையும் ஃபைகே அதற்கு முந்திய வருஷமே பார்த்துவிட்டார். டோக்கியோப் போட்டிகள் தொற்று நோய் காரணமாக ஒரு வருஷம் தள்ளி 2021-ல் நடந்தன அல்லவா? டோக்கியோவின் கோடை வெயிலுக்குப் பயந்து நடைப் பந்தயங்களை வடக்கே ஸப்போரோ நகரத்துக்கு மாற்றியிருந்தார்கள். பார்வையாளர்கள் வர வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஃபைகேயும் அங்கே நடந்தார். ஒரு வருஷத்துக்குப் பின் ம்யூனிக்கில் அவர் நடந்ததோ சொந்த தேசத்து வீதியில், சொந்த பாஷையில் உற்சாகமூட்டிய ஜனங்களுக்கு நடுவில். பந்தயம் முடிந்த அன்றே பதக்கம் கைக்கு வந்தது.

அன்று அவருக்கு முன்னால் வந்த இருவரும் சாமானியர்களல்ல. வெள்ளி பெற்ற போலந்துப் பெண் கதார்ஸினா ஸ்ஜெப்வோ, ஒரு மாதத்துக்கு முன்புதான் அமெரிக்காவில் யூஜீன் நகரத்து உலகப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வாங்கி வந்திருந்தார். அவருக்கும் ஃபைகேக்கும் இடையில் 5 விநாடிதான் வித்தியாசம். தூரத்தில் சொன்னால் இருபது மீட்டர்கூட இல்லை. தங்கம் பெற்றவர் கிரீஸ் தேசத்து ஆன்டிகோனி டிரிஸ்பியோட்டி, 1 மணி 29 நிமிஷம் 3 விநாடி. அவருக்கு வயது 38. இடையில் பல வருஷம் பந்தயத்தை விட்டுவிட்டு, மறுபடியும் சாலைக்கு வந்தவர். நாலே நாளைக்கு முன் அதே ம்யூனிக்கில் 35 கிலோமீட்டர் நடந்து ஒரு தங்கம் வாங்கியிருந்தார். கால் வலிக்கிறதென்று சொல்லாமல் 20 கிலோமீட்டருக்கும் வந்து நின்றார். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நாள் முழுதும் நடக்கிற நம் வீட்டுத் தாய்மார்கள் இந்த அம்மாளின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இருபத்தைந்து வயது ஃபைகேக்கு அந்தப் பெண்மணியைப் பார்த்து ஆறுதல் தோன்றியிருக்க வேண்டும். நடைக்கு வயது ஒரு தடையல்ல, இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் கையிலிருக்கிறது என்று. ஆனால் வயது இடம் கொடுத்தாலும், பாதை இடம் கொடுக்க வேண்டுமே! நடைப் பந்தயத்தின் தூரங்களை ஆள்கிறவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள். இந்த விஷயத்தில் நமக்குள்ள மனக்குறையை மறைக்க விரும்பவில்லை.

2017-ல் லண்டன் உலகப் போட்டியில் ஸ்திரீகளுக்கு முதன்முறையாக 50 கிலோமீட்டர் நடை வைத்தார்கள். நடக்க வந்தவர்கள் ஏழே பேர். முடித்தவர்கள் நாலு பேர். போர்த்துகலின் இனேஸ் ஹென்ரிகேஸ் 37-வது வயதில் 4 மணி 5 நிமிஷம் 56 விநாடியில் முடித்து உலக சாதனை செய்தார். ஒலிம்பிக்கிலும் எங்களுக்கு அந்தத் தூரம் வேண்டுமென்று பெண்கள் விளையாட்டு நியாயஸ்தலம் வரை போனார்கள், பலிக்கவில்லை. ஆடவருக்கு மட்டும் ஸப்போரோவில் கடைசியாக ஒரு முறை 50 கிலோமீட்டர் நடந்தது. பிறகு அந்தத் தூரமே வேண்டாமென்று இரு பாலாருக்கும் எடுத்துவிட்டு, 35 கிலோமீட்டர் என்று வைத்தார்கள். பெண்களுக்குச் சம உரிமை கொடுப்பதற்குப் பதில் பந்தயத்தையே மூடி விடுவது ஒரு விசித்திரமான சமத்துவம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 35-ம் இல்லை. அதற்குப் பதிலாக ஆணும் பெண்ணும் மாறி மாறி மாரத்தான் தூரத்தை நடக்கும் ஒரு கலப்புப் பந்தயம் வந்தது. அது முடிந்து மை உலர்வதற்குள் மற்றொரு தீர்மானம்: 2026 ஜனவரி முதல் பெரும் போட்டிகளில் 20 கிலோமீட்டரும் 35 கிலோமீட்டரும் போய், அவற்றின் இடத்தில் அரை மாரத்தானும் முழு மாரத்தானும் வரும் என்று உலகத் தடகள சபை முடிவு செய்தது.

அதற்குச் சொல்லும் காரணம் நியாயமில்லாததல்ல. மாரத்தான் என்றால் உலகத்தில் யாருக்கும் தெரியும். ஓடுகிறவர்களின் நேரத்தோடு நடப்பவர்களின் நேரத்தை ஒப்பிட்டு ஜனங்கள் வியந்துகொள்ளலாம். அதனால் நடைக்கு மதிப்பு உயரும் என்கிறார்கள். இருக்கலாம். ஆயினும் ஒரு பெண் பள்ளிப் பிராயத்தில் ஆரம்பித்து, 20 கிலோமீட்டர் என்ற ஒரே அளவுக்குத் தன் மூச்சையும் தசையையும் பழக்கிக்கொள்கிறாள். எந்தக் கிலோமீட்டரில் களைப்பு வரும், எங்கே சிவப்புச் சீட்டுக்குப் பயப்பட வேண்டும், எங்கே துணிந்து காலை வீசலாம் என்பதெல்லாம் உடம்பில் எழுதி வைத்த பாடம். பாடப் புஸ்தகத்தை மாற்றுகிறவர்களுக்கு அது ஒரு காகிதம். பாடம் படித்த பிள்ளைக்கு அப்படியல்ல. உபாத்தியாயத் தொழிலில் இதை நாம் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம்.

அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டர் 97½ மீட்டர். ம்யூனிக்கில் ஃபைகே கோட்டைத் தொட்ட இடத்திலிருந்து அவர் இன்னும் 1,097½ மீட்டர் போக வேண்டியிருக்கும். அன்றைய வேகத்தில் அதற்கு 4 நிமிஷம் 54 விநாடி ஆகும். அதாவது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த அடிகள், ஒவ்வொன்றிலும் முழங்கால் மடங்காமல்.